தொலைவில் இருப்பவரின் சொல்

எட்டேகால் சென்டிமீட்டர் நீளச் செம்புக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடியிலிருந்து ஏறக்குறைய அதே நீளத்தில் நான்கு கம்பிகள் 45 பாகை கீழ்நோக்கிச் சரிகின்றன. ஐந்தையும் ஒரு கனெக்டரில் பற்றவைத்துவிட்டால், 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் இயங்கும், லோரா என்னும் நெடுந்தூர ரேடியோ முறைக் கருவிக்கு ஆன்டெனா தயார். இந்தியாவில் இந்தப் பட்டையை வரையறுத்த திறனுக்குள் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டியதில்லை. கெவின் ஹெஸ்டர் 2020-இல் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்னும் திறந்த மென்பொருளை ஏற்றிய, நோடு எனப்படும் சிறு கருவிகள், பெரும்பாலும் கால் வாட்டுக்கும் குறைந்த திறனில் குறுஞ்செய்திகளை அனுப்பி, ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கி மறுபடி அனுப்பி, மெஷ் என்னும் வலையாகச் சேர்ந்து, செல்பேசிக் கோபுரம் ஏதுமில்லாமலே ஊர் தாண்டிக் கொண்டுசேர்க்கின்றன. கருவியோடு வரும் விரல்நீள ஆன்டெனா பல வேளைகளில் போதுவதில்லை. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய கம்பியே மூலப்பொருள் என்பதால், பலரும் தாமே செய்துகொள்கிறார்கள். செய்து முடித்தவுடன் எழும் கேள்வி ஒன்றுதான்: இது வேலை செய்கிறதா? கேள்வி எளியது. இதற்கான விடை எந்த வழியாக வந்து சேர்கிறது என்று துருவினால், இந்தியத் தத்துவ மரபு ஓராயிரம் ஆண்டுக்கு மேலாக வாதாடிய ஒரு வழக்கின் நடுவே போய் நிற்போம்.

பிறர் சொல்லிக் கேட்பது அறிவாகுமா, அல்லது நாமே கண்டும் கருதியும் தெளியும்வரை வைத்துக்கொள்ளும் கடன்சரக்குதானா என்பதே அந்த வழக்கு. உலோகாயதர் காட்சியை மட்டுமே ஏற்றார்கள். திக்நாகர் வழிவந்த பௌத்தர்கள் காட்சியோடு கருதலையும் சேர்த்து இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். வைசேடிகரும் சொல்லைக் கருதலுக்குள் அடக்கினார்கள். நையாயிகரும் மீமாம்சகரும் சொல் தனித்து நிற்கும் அளவை, அதாவது அறிவு தரும் வழி, என்றார்கள். தமிழில் இரு தரப்பும் பதிவாகியிருக்கின்றன. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வைதிகவாதி, பத்து, எட்டு, ஆறு என்று ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் அளவைக் கணக்குகளை அடுக்குகிறான். 29-ஆம் காதையில் அறவண அடிகள், அளவை இரண்டே, மற்றவையெல்லாம் கருதலுக்குள் அடங்கும் என்று மணிமேகலைக்குக் கற்பிக்கிறார். பின்னால் 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில், நீண்ட பட்டியலைச் சுருக்கி, காட்சி, கருதல், உரை என மூன்றில் நிறுத்துகிறார். இரண்டா மூன்றா என்பது பண்டிதர்களின் கணக்குச் சண்டை போலத் தோன்றலாம். ஒரு செம்புக் கம்பியின் விஷயத்திலேயே இரண்டு போதவில்லை என்பதுதான் நான் நிறுவ முயல்வது. தன்னைவிட்டு விலகிய இடத்தில் மட்டுமே பலன் தரும் பொருளை அறிவதற்கு, அந்த இடத்தில் இருப்பவரின் சொல் இன்றியமையாதது. அது காட்சி கிடைக்கும்வரை நிரப்பிவைக்கும் பதிலி இல்லை.

காட்சியிலிருந்து தொடங்கலாம். ரேடியோ அலை எந்தப் புலனுக்கும் எட்டுவதில்லை. லோராவில் இது இன்னும் ஒரு படி கூடுதல். மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான அமைப்பில், சுற்றியுள்ள இரைச்சலைவிட 17 டெசிபெல் அளவுக்குத் தாழ்ந்த குறியையும், அதாவது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு வலிமையே உள்ளதையும், கருவி பிரித்தெடுத்துவிடும். அதை ஒலியாக்கிக் காதில் கொடுத்தாலும் இரைச்சல்தான் கேட்கும். ஆக மிஞ்சுவது கருதல். ஆன்டெனா செய்பவர்கள் முதலில் நாடுவது எஸ்டபிள்யூஆர் என்ற அளவீடு. அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதை இது காட்டும். ஒன்றுக்கு நெருங்கினால் ஏதும் திரும்பவில்லை என்று பொருள். இரண்டு என்றால் 11 விழுக்காடு திரும்புகிறது. உள்ளங்கையில் அடங்கும் நானோ விஎன்ஏ என்ற மீட்டர் இப்போது மலிவாகக் கிடைப்பதால், பெரும்பாலோர் இந்த எண்ணைப் பார்த்து, அது இரண்டுக்குக் கீழே இறங்கியதும் நிம்மதி அடைகிறார்கள். ஆற்றல் திரும்பவில்லை, ஆகவே வெளியே போயிருக்கிறது என்பது அவர்களின் கருதல். ஆனால் 50 ஓம் மின்தடை ஒன்றை அதே இடத்தில் மாட்டினால், மீட்டர் இதைவிட நல்ல எண்ணைக் காட்டும். அந்த மின்தடை எதையும் வெளியே அனுப்பாது, வாங்கியதை எல்லாம் சூடாக்கித் தீர்த்துவிடும்.

நையாயிகர்கள் இப்படிப்பட்ட பிழைக்கு உபாதி என்று பெயர் வைத்திருந்தார்கள். நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்பது பொய், ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. சொல்லாமல் விட்ட அந்த நிபந்தனைதான் உபாதி. எஸ்டபிள்யூஆர் கருதலில் மறைந்திருக்கும் ஈர விறகு, ஆற்றல் வழியில் வெப்பமாகக் கரையாமல் இருப்பது. இது புத்தகத்து ஐயம் இல்லை. ஆர்ஜி-58 என்ற சாதாரணக் கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்குச் சுமார் அரை டெசிபெல் தின்னும். பத்து மீட்டர் கேபிளைக் கூரைக்கு இழுத்தால் போகும்போது ஐந்து, திரும்பும்போது ஐந்து. மேல்நுனியில் ஆன்டெனாவே இல்லாமல் கேபிளை வெறுமனே விட்டாலும், கீழே மீட்டர் காட்டும் எண் இரண்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். இருபது மீட்டர் என்றால் 1.2-ஐ ஒட்டி வரும். கேபிள் எவ்வளவு மோசமோ, மீட்டர் அவ்வளவு நல்ல செய்தி சொல்லும்! கருதலை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மீட்டர் சில தவறுகளைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்: கம்பி நீளம் தப்பியது, பற்றவைப்பு விட்டுப்போனது முதலியவை. அருகில் இருந்து செய்யும் கருதல் எதுவுமே, வேலை செய்யும் ஆன்டெனாவையும் செய்யாததையும் முழுதாகப் பிரித்துக்காட்டாது என்பதே என் வாதம்.

இந்த இடத்தில், கையால் செய்வதன் பெருமையைப் பேசுவோர் குறுக்கிடுவார்கள். நாம் ஆக்கியதையே நாம் உண்மையில் அறிகிறோம் என்று 1710-இல் இத்தாலியர் விக்கோ வாதிட்டார். கடையில் வாங்கிய ஆன்டெனா புதிர், கையால் செய்தது புரிந்த பொருள் என்பது அதன் இன்றைய வடிவம். இதில் பாதி உண்மை உண்டு. கம்பியின் நீளம், வளைவு, பற்றவைத்த இடத்தின் நலம் ஆகியவற்றைச் செய்தவர்தான் நன்றாக அறிவார். ஆனால் ஆன்டெனாவின் வேலை கம்பியில் முடிவதில்லை. எதிர்வீட்டுக் கான்கிரீட் சுவர், பால்கனியின் இரும்புக் கிராதி, இடையில் நிற்கும் மேடு, அப்பால் உள்ள ஆன்டெனா எல்லாம் சேர்ந்துதான் அந்த வேலை. இவற்றில் எதையும் அவர் ஆக்கவில்லை. கணிப்பு மென்பொருள் வைத்துப் போட்டுப் பார்த்தேன் என்பவருக்கும் இதுவே பதில். அவர் போட்டுப் பார்த்தது கணினிக்குள் இருக்கும் ஆன்டெனா. அதோடு, எட்டேகால் சென்டிமீட்டர் என்ற எண்ணே அவருக்கு எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைத் தாமே வருவித்தவர்கள் எத்தனை பேர்? சொல்லை ஒதுக்கிவிட்டுத் தொடங்குவதாக நினைப்பவர், தொடங்கும் முன்பே சொல்லைக் கைநிறைய வாங்கியிருக்கிறார்.

ரேடியோவின் வரலாறே இதற்கு ஒரு வழக்கை வைத்திருக்கிறது. 1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில், பட்டம் தூக்கி நிறுத்திய கம்பியை ஆன்டெனாவாக வைத்து, மார்க்கோனி காதில் கேள்குழலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் கார்ன்வாலின் போல்டுவிலிருந்து மோர்ஸ் எழுத்து ஒன்று, மூன்று புள்ளிகள், திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டது. கேட்டதாக மார்க்கோனி சொன்னார், அவருடைய உதவியாளர் கெம்பும் கேட்டதாகச் சொன்னார். வேறு சான்று இல்லை. என்ன வரப்போகிறது என்பது முன்பே பேசிவைத்தது. கேட்டவர்கள் அது வர வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவர்கள். இடி மின்னலின் இரைச்சல் மூன்று சொடுக்குகளாக விழுவது அரிதும் இல்லை. அவர் உண்மையில் கேட்டாரா என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. இரண்டே மாதம் கழித்து, 1902 பிப்ரவரியில், பிலடெல்பியா என்ற கப்பலில் மேற்கே பயணம் செய்துகொண்டே, கப்பல் அதிகாரிகளின் கண்முன், தாள்நாடாவில் பதியும் கருவியால் செய்திகளை வாங்கினார். சுமார் 2,500 கிலோமீட்டர் தொலைவுவரை நாடாவில் எழுத்து விழுந்தது. பகலில் தூரம் வெகுவாகக் குறுகுவதும் அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. சிக்னல் குன்றில் கேட்டது நண்பகலை ஒட்டிய நேரம் என்பதால், பழைய ஐயத்துக்கு அதுவே வலுவும் சேர்த்தது. குன்றின்மேல் இருந்தது காட்சி, அதுவும் கண்டுபிடித்தவரின் சொந்தக் காட்சி. கப்பலில் கூடுதலாக வந்தது, ஆர்வம் இல்லாத அயலாரின் சொல். உலகம் எதை நம்பியது என்பதைக் காட்டிலும், எதை நம்பியது சரி என்பது எனக்கு முக்கியம். சொந்தச் செவியைவிட அயலாரின் சொல் உயர்ந்த சான்றாக நிற்கும் இடங்கள் உண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. 1887-88-இல் கார்ல்ஸ்ரூவேயில் ஹெர்ட்ஸ், அலையை எழுப்பும் கம்பியையும் அதைப் பிடிக்கும் வளையத்தையும் தாமே செய்து, வளையத்தின் இடைவெளியில் பொறி பறப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். யார் சொல்லும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் இன்றைய ஆன்டெனாக்காரரும் இரண்டாவது கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மறுகோடிக்குப் போய்ப் பார்க்கலாமே? போகலாம், பலர் போகிறார்கள், போவது நல்லதும்கூட. ஆனால் அவர் போய்ப் பார்க்கும் ஒவ்வோர் இடத்துக்கும் விடை தனித்தனி. ஒரு தெருமுனையில் கிடைத்தது அடுத்த தெருமுனையில் கிடைக்காது. மேலும் அவர் நின்று பார்த்தது தம் கையில் இருந்த ஆன்டெனாவின் செவியை. கூரைமேல் இருக்கும் முன்பின் அறியாத நோடுகளின் செவியை அன்று. ஹெர்ட்ஸின் கேள்வி, அலை என்று ஒன்று உண்டா என்பது. அதற்கு ஓர் அறை போதும். மெஷ் வலையில் உள்ளவரின் கேள்வி, தான் பிறர்க்குக் கேட்கிறோமா என்பது. அந்தப் பிறர் யார், எங்கே இருக்கிறார் என்பதே அவருக்கு முன்கூட்டித் தெரியாது.

பௌத்தரின் மறுப்பு இன்னும் நுட்பமானது. சொல்லை ஏற்பதே கருதல்தான் என்பார் அவர்: இவர் நம்பத்தக்கவர், நம்பத்தக்கவர் சொல்வது மெய், ஆகவே இது மெய். மெஷ் வலையில் இந்த வாதத்துக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது, ஏனெனில் பதில் சொல்வது பெரும்பாலும் மனிதரே இல்லை. ஒரு நோடு செய்தியை அனுப்பிவிட்டு, வேறு ஏதோ ஒரு நோடு அதையே மறுபடி அனுப்புவது காதில் விழுந்தால், செய்தி வலைக்குள் போய்விட்டது என்று குறித்துக்கொள்கிறது. இதில் சொல் ஏதும் இல்லை, எதிரொலியைக் கேட்டுச் சுவர் உண்டு என்று ஊகிப்பதுபோலத் தூய கருதல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறி எவ்வளவு ஏழை என்று பாருங்கள். மறுபடி அனுப்பியது பத்துக் கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் நோடா, அடுத்த வீட்டு மாடியில் இருப்பதா என்பதை அது சொல்லாது. உபாதி மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. அதற்கு மாறாக, இந்த நோடு, இந்த இடத்தில், இவ்வளவு வலிமையில் உன்னைக் கேட்டது என்ற அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்ளடக்கம் கேட்பவரிடம் முன்பே இருந்த எந்தக் குறியிலிருந்தும் பிறக்காது. சொல்லின் பொருளை விளங்கிக்கொள்வதால் மட்டுமே அது வந்து சேருகிறது. அப்படியானால் மீட்டரின் எண்ணும் இப்படித்தானே வருகிறது என்று பௌத்தர் விடாமல் கேட்பார். மீட்டரை, மதிப்பு தெரிந்த மின்தடை ஒன்றை மாட்டி, கண்முன் சோதித்துவிடலாம். தொலைவில் உள்ள நோடு எங்கே வைக்கப்பட்டது, அதன் இருப்பிடம் ஒழுங்காகப் பதியப்பட்டதா, அதன் ஆன்டெனா கழன்று கிடக்கிறதா என்பதெல்லாம், அதைக் கூரையில் ஏற்றி, மின்கலத்தைக் கவனித்து, விவரத்தை உண்மையாக நிரப்பிய ஒருவரைப் பொறுத்தது. பொறியின் வாய்வழி வந்தாலும் அது அவருடைய சொல்.

சொல் பொய்க்கும் என்பது பழைய மறுப்பு. கண்ணும் பொய்க்கும், மீட்டரும் பொய்க்கும் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அது சோம்பேறித்தனமான பதில், ஏனெனில் சொல்லுக்கே உரிய நோய் ஒன்று உண்டு: முகதாட்சணியம். ஹாம் ரேடியோவில் எதிராளியின் குறி எவ்வளவு தெளிவு, எவ்வளவு வலிமை என்று எண்ணால் சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஐந்தும் ஒன்பதும் உச்சம். போட்டிகளில் எல்லோரும் எல்லோருக்கும் ஐந்து ஒன்பது என்றே தருவார்கள், தந்த கையோடு உங்கள் பெயர்க்குறி விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றும் கேட்பார்கள். நம் கல்யாணப் பந்தியில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் கிடைக்கும் பதில்தான் அது. ஆனால் இதே துறை இதற்கு மருந்தையும் கண்டது. இயற்பியலுக்கான நோபல் பரிசை 1993-இல் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர், 2008-இல் விஸ்பர் என்ற முறையை வெளியிட்டார். மிகக் குறைந்த திறனில் ஒரு நிலையம் தன் பெயர்க்குறியையும் இருப்பிடத்தையும் திறனையும் மெல்லச் சொல்லும். உலகெங்கும் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் ஏற்பிகள் கேட்டதைக் கேட்டபடி பொதுத் தரவில் பதியும். அனுப்பியவரை மகிழ்விக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. கௌதமரின் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்கு, அதாவது நம்பத்தக்கவருக்கு, வகுத்த இலக்கணமும் இங்கேதான் பொருந்துகிறது: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே தெரிவிக்கும் விருப்பம் இருக்க வேண்டும். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். பிறப்பு, புகழ், நட்பு எதுவும் அதில் இடம்பெறவில்லை. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி எழுதியவரிடமிருந்து வரும் இந்த வரையறைக்கு, நம் ஊரின் பிற்கால நடைமுறை ஈடு கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

இப்போது சமயவாதி மகிழ்ந்து எழக்கூடும்: சொல் அளவை என்று ஆகிவிட்டதே, இனி ஆகமத்தையும் வேதத்தையும் ஏற்பதில் என்ன தடை? தடை இருக்கிறது. ஆன்டெனா காட்டுவது நையாயிகரின் சொல்லை. மீமாம்சகர் வேதத்தை யாரும் இயற்றாதது என்றார், இயற்றியவர் இல்லாததால் குற்றமும் இல்லை என்றார். நம் அறிக்கையின் மதிப்போ, அங்கே ஒருவர் இருந்தார் என்பதிலிருந்து மட்டுமே பிறக்கிறது. யாரும் இல்லாத இடத்திலிருந்து வந்த அறிக்கையை ஆன்டெனாக்காரர் பழுதான பாக்கெட் என்று ஒதுக்குவார். சைவ சித்தாந்தம் இந்த விஷயத்தில் நையாயிகருக்கு அருகில் நிற்கிறது: முற்றும் உணர்ந்த இறைவன் அருளியதால் ஆகமம் அளவையாகிறது என்கிறது. அப்படியானால் கேள்வி, அங்கிருந்து சொன்னவர் உண்டா என்ற இடத்துக்கு நகர்கிறதே தவிர முடிவதில்லை. அதை இந்தச் செம்புக் கம்பி தீர்க்காது. தீர்ப்பதாகச் சொல்பவர்களை நான் நம்பவும் மாட்டேன். ஆனால் பகுத்தறிவின் பெயரால் அடிக்கடி எழும் ஒரு குறுக்கு வாதத்தை, பிறர் சொல்லை ஏற்பது அறிவே ஆகாது, ஆகவே சமயம் அறிவுக்கு ஆகாது என்பதை, இது தள்ளிவிடுகிறது. சமயத்தை மறுக்க விரும்புபவர் சொல்லை மறுத்து அல்ல, சொன்னவரை விசாரித்துத்தான் மறுக்க வேண்டும்.

கடைசியாக மௌனம். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் ஆன்டெனா தோற்றது என்று கருதலாமா? இல்லாமையை அறிவதைப் பற்றிப் பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் நிறைய யோசித்திருக்கிறார்கள். மேசைமேல் குடம் காணப்படாததால் குடம் இல்லை என்று அறியலாம், ஆனால் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலைமை அமைந்தால் மட்டுமே. இருட்டறையில் குடம் தெரியாதது குடம் இல்லாததற்குச் சான்று ஆகாது. கடவுள் பதில் பேசாததை அவர் இல்லாததற்குச் சான்றாக்குவோரும், அதையே அவருடைய பொறுமைக்குச் சான்றாக்குவோரும் இந்த நிபந்தனையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மெஷ் வலையில் அந்த நிபந்தனையின் தேவை கண்கூடு. எல்லைக்குள் ஒரு நோடுமே இல்லாமல் இருக்கலாம், இருந்தும் மின்கலம் தீர்ந்திருக்கலாம், வழக்கமாக மூன்று தாவல் என்ற வரம்பில் செய்தி நின்றுபோயிருக்கலாம். ஆகவே தோல்வியை அறிவதற்கும் சொல்தான் தேவைப்படுகிறது. இரவு ஒன்பது முதல் ஒன்பதரைவரை இந்தக் கூரையில் கேட்டுக்கொண்டிருந்தேன், மற்றவர்களின் செய்தி வந்தது, உங்களுடையது வரவில்லை என்று முகம் தெரியாத ஒருவர் எழுதும்போதுதான், கம்பியை மறுபடி கழற்றிப் பார்க்க ஆன்டெனா செய்தவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.